இன்னும் ரெண்டு பல்லு

பின்சக்கரம் ரெண்டையும் கழட்டுங்க தம்பி. முன்சக்கரத்துல ஒண்ணும் இல்ல, அதைத் தொடாதீங்க. நான் இந்தப் பழைய டயர் மேல உக்காந்துக்கறேன். நாற்காலி வேண்டாம், அதுல உக்காந்தா கண்ணு சொக்கும். நான் பார்க்கணும். மெக்கானிக் வேலை செய்யறப்போ பக்கத்துலயே இருந்து பார்க்கணும்னு பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவ நான். உங்களைச் சொல்லல. பொதுவாச் சொன்னேன். சரி, உங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க வீட்டுக்காரரு டீ குடிக்கப் போயிட்டாரு. நல்லதாப் போச்சு. அவரு இருந்தா என்னைப் பேச விடமாட்டாரு. "பாவாயி, கொஞ்சம் சும்மா இரு"ம்பாரு. இருபத்தஞ்சு வருசமா என்கிட்ட அவரு பேசின மொத்தப் பேச்சே அந்த நாலு வார்த்தைதான்னு வச்சுக்குங்களேன்.

பிரேக் ஷூ மாத்தணும். மாத்தி மூணு மாசம்கூட ஆகல. ஐப்பசியில மாத்தினது, இது தை. மூணு மாசத்துல தேயற ஷூ என்ன ஷூ, சொல்லுங்க? சேந்தமங்கலத்துல ஒருத்தன் போட்டான். அதுக்கு முன்னாடி இன்னொருத்தன் போட்டான். அந்த இன்னொருத்தன் யாருன்னு கேட்கறீங்களா? கேட்கலையா? பரவாயில்ல, சொல்றேன். என் கூடப் பொறந்தவன். செங்கோட்டுவேலு. கொல்லிமலை அடிவாரத்துல வண்டி ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே பட்டறை வச்சிருக்கான். எங்க வீட்டுல இருந்து கூப்பிடுற தூரம். கூப்பிடுற தூரத்துல தம்பி பட்டறை இருக்க, நான் நாமக்கல் வரைக்கும் வண்டியைக் கொண்டாந்து உங்ககிட்ட நிக்கறேன்னா, என் வயிறு எப்படி எரியும்னு பார்த்துக்குங்க.

என்ன, டிரம் வரலையா? சுத்தியால தட்டுங்க. அங்க இல்ல, விளிம்புல. ஒரே இடத்துல தட்டாதீங்க, சுத்திச் சுத்தித் தட்டணும். அவன் அப்படித்தான் தட்டுவான். மரச்சுத்தி வச்சிருப்பான், டிரம்முல வடு விழக் கூடாதுன்னு. நீங்க இரும்புச் சுத்தியால போட்டுச் சாத்துறீங்க. போங்க, எப்படியோ தட்டுங்க.

எங்க வீட்டுக்காரரு இந்தக் குட்டியானை வண்டியை வச்சு மலைக்கு ஓட்டறாரு. மேல போறப்போ மளிகை சாமான், இறங்கறப்போ பலாப்பழம், வாழைத்தாரு, அன்னாசி. எழுபது கொண்டை ஊசி வளைவு தம்பி. நீங்க ஏறிப் பார்த்திருக்கீங்களா? ஒரு தடவையா? ஒரு தடவைக்கே வாந்தி எடுத்திருப்பீங்க. அவரு வாரத்துல அஞ்சு நாள் ஏறி இறங்குறாரு. ஏறினதும் போன்ல சிக்னல் போயிரும். அப்புறம் நான் என்ன செய்யறது? அடுப்புல சோறு வெந்தாலும் எனக்குத் தெரியாது. இப்ப இருபதாவது வளைவுல இருப்பாரு, இப்ப முப்பதுன்னு எண்ணிக்கிட்டே இருப்பேன். திரும்பி வந்து வண்டி நிக்கற சத்தம் கேட்ட பிறகுதான் எண்ணறதை நிறுத்துவேன். என் மக கிருத்திகா சிரிப்பா. "ஏம்மா, அப்பா நம்ம மலைக்குத்தான் போறாரு, போருக்கா போறாரு?"ம்பா. கட்டிக்கிட்டுப் போகட்டும், அப்பத் தெரியும்.

அடுத்த வாரம் கல்யாணம் அவளுக்கு. இன்னிக்கோட ஒன்பது நாள். சொல்லலையா நான்? சந்தோசமாத்தான் இருக்கணும். எங்க இருக்க விடறாங்க?

இப்ப எதுக்குத் தட்டறதை விட்டுட்டு வண்டி அடியில போய்ப் படுக்கறீங்க? அந்த ஓட்டைக்குள்ள ஸ்குரூடிரைவரை விட்டு என்ன பண்றீங்க? தளர்த்தறீங்களா? எதுக்குத் தளர்த்தணும்? ஷூ டிரம்மைக் கவ்விப் பிடிச்சிருக்கா? பிடிக்கட்டுமே! பிடிக்கத்தானே அது இருக்குது? பிடிக்காத பிரேக்கை வச்சு நான் என்ன, மாலை போட்டுக் கும்பிடவா?

இவளுக்கு என்ன தெரியும்னு உங்களுக்கும் நினைப்புத்தானா? கேளுங்க, நான் சொல்றேன். அந்த ஓட்டையை எனக்குக் காட்டினவனே அவன்தான். போன மாசிக்கு எங்க வாசல்லயே வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில படுத்து, ரப்பர் மூடியைப் பிடுங்கிட்டு, உள்ள இருக்கற பல்லுச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாத் தள்ளிக்கிட்டு இருந்தான். டிக், டிக்னு சத்தம். "என்னடா பண்ற?"ன்னு கேட்டேன். "அக்கா, ஷூ மேல ஒட்டியிருக்கற லைனிங் தேயத் தேய, ஷூவுக்கும் சக்கரத்தோட சுத்தற டிரம்முக்கும் நடுவுல இடைவெளி அதிகமாயிரும். இந்தப் பல்லைத் தள்ளினா ஷூ டிரம்முக்குக் கிட்ட வரும். மிதிச்ச உடனே பிடிக்கும்"னான். அவ்வளவுதானே? நல்லாப் புரிஞ்சுச்சு. ஏழாவதோட நின்னவதான் நான், ஆனா சொன்னாப் புரியும். அதுக்கு மேலயும் என்னவோ சொன்னான். அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கற வாசம் வந்துருச்சு, நான் ஓடிட்டேன். திரும்பி வர்றப்போ அவன் சக்கரத்தை மாட்டி முடிச்சுட்டான்.

கிட்ட இருந்தா மிதிச்ச உடனே பிடிக்கும். இன்னும் கிட்ட இருந்தா இன்னும் நல்லாப் பிடிக்கும். இதுல எங்க தப்பு?

அன்னையில இருந்து எங்க வீட்டுக்காரரு காலையில குளிக்கப் போனா, நான் சாக்கை விரிச்சு வண்டி அடியில படுத்துருவேன். இந்தப் பக்கம் ரெண்டு பல்லு, அந்தப் பக்கம் ரெண்டு பல்லு. அவரு தலை துவட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள நான் கை கழுவிட்டுத் தோசை ஊத்திக்கிட்டு இருப்பேன். ஒரு நாள் விட்டாலும் அன்னிக்கு முழுக்க வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருப்பேன். ரெண்டு பல்லு தள்ளின அன்னிக்குத்தான் ஏதோ கூடவே நானும் போற மாதிரி ஒரு தைரியம். சாமிக்கு விளக்கேத்தற மாதிரி வச்சுக்குங்க.

நாள் போகப் போகப் பல்லு நகர மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு. நானும் விடல.

அப்புறம் வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னாரு இவரு. டீசல் ரொம்பக் குடிக்குதுன்னாரு. சக்கரத்துக்கிட்டப் போனா கருகின வாசம். ஒரு நாள் சாயங்காலம் டிரம்மைத் தொட்டுட்டேன், அப்பளம் சுடலாம், அவ்வளவு சூடு. எனக்கு வந்துச்சே கோவம்! உடனே போன் போட்டு அவனைப் பிடிபிடின்னு பிடிச்சேன். "என்னடா ஷூ போட்டிருக்க, எரியுது?"ன்னேன். "வண்டியைக் கொண்டு வாக்கா, பார்க்கலாம்"னான். நாலு தடவை சொன்னான். அது பலாப்பழ சீசன் தம்பி. வண்டி நின்னா பழம் நிக்குமா? போகலை.

வந்துருச்சா டிரம்மு? எங்க, காட்டுங்க. உள்பக்கம் ஏன் நீலமா இருக்குது? ஏதாவது பெயிண்ட்டா? சூட்டுல பாஞ்ச நிறமா... அடடா, ஊதாதீங்க! அந்தப் புழுதியை வாயால ஊதாதீங்க தம்பி, நெஞ்சுல போய் உக்காந்துக்கும். பொண்டாட்டி புள்ளை இல்லையா உங்களுக்கு? அவன் ஒருநாளும் ஊத மாட்டான். தண்ணி விட்டு நனைச்சுத்தான் கழுவுவான். துணியை மூக்குல கட்டிக்குவான். நான் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. அம்மா போனப்போ அவனுக்கு ஒன்பது வயசு. என் பள்ளிக்கூடம் அன்னிக்கே முடிஞ்சுது. சோறு நான்தான், துணி நான்தான், இருமினா ராத்திரியெல்லாம் முதுகைத் தடவினதும் நான்தான்.

அந்த விசயத்துக்கு வர்றேன். ஆனி மாசம், இருபத்தி ரெண்டாம் தேதி. முழு லோடு பலாப்பழம். இறங்கி வர்றாரு. நாப்பது வளைவு தாண்டினதும் பெடலை மிதிச்சா அது கல்லு மாதிரி நிக்குதாம், வண்டி மட்டும் நிக்க மாட்டேங்குதாம். எங்க வீட்டுக்காரரு பேசத்தான் மாட்டாரு, கை சுத்தமான டிரைவரு. பள்ளத்துப் பக்கம் போகாம மலைப் பக்கத்து மண்மேட்டுல கொண்டுபோய் வண்டியைச் செருகிட்டாரு. தோள்கிட்டக் காறை எலும்பு ஒடிஞ்சுது. பழமெல்லாம் ரோட்டுல உருண்டு வெடிச்சுக் கெடக்குது, குரங்கு கூட்டமா வந்து உரிச்சுத் தின்னுது, இவரு ஒரு கையை இன்னொரு கையால தாங்கிக்கிட்டு உக்காந்து அதைப் பார்த்துக்கிட்டு இருந்தாராம். பின்னாடி வந்த ஜீப்புக்காரங்க சொன்னது. பள்ளத்துப் பக்கம் ஒரு அடி தள்ளிப் போயிருந்தா? சொல்லுங்க, ஒரு அடி?

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்து அவன் பட்டறையில விட்டாங்க. நானும் போனேன், நல்லாக் கேட்டுட்டு வரலாம்னு. ஸ்டாண்டுல இருந்த டிரைவருங்க அத்தனை பேரும் சுத்தி நிக்கறாங்க. அவன் டிரம்மைக் கழட்டினான். கழட்டவே அரை மணி நேரம் ஆச்சு. ஷூவைக் கையில எடுத்துப் பார்த்தான். லைனிங் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்குது. நகத்தால சுரண்டிப் பார்த்தான். அப்புறம் அந்தப் பல்லுச் சக்கரத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அக்கா, இதை யாரு திருகினது?"

"நான்தான். எங்க வண்டி, நான் திருகக் கூடாதா?"

"எத்தனை பல்லு?"

"ரெண்டு."

"எப்ப?"

"தினமும்."

அப்படியே தரையில உக்காந்துட்டான். மாசிலாமணின்னு ஒரு வாயாடி டிரைவரு, "பாவாயக்கா, அதுக்கு நீங்க மச்சானைக் கட்டில் காலோட சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கலாம், டீசலாவது மிச்சம்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும், அவனுங்க யாரு எனக்கு? ஆனா இவனும் சிரிச்சான் தம்பி. என் தம்பி. வாயைப் பொத்திக்கிட்டுத் தோளு குலுங்கச் சிரிச்சான். பயத்துல வந்த சிரிப்பும்பாரு எங்க வீட்டுக்காரரு. அங்க ஆஸ்பத்திரியில ஒருத்தரு கட்டுப் போட்டுக்கிட்டுக் கெடக்கறாரு, இங்க ஊரு முன்னாடி என்னை வச்சுச் சிரிப்பு. பயமாம் பயம்.

நான் விட்டேனா? "டூப்ளிகேட் ஷூவைப் போட்டு மச்சானைக் கொல்லப் பார்த்த நீ, பழியை என் மேல போடறியா? இனி என் வாசப்படியை மிதிக்காத"ன்னேன். மாசிலாமணி கூடச் சிரிப்பை நிறுத்திட்டான். அதோட நான் நிறுத்தல. மேல நாலு ஊருலயும் எங்களுக்குப் பழக்கம் உண்டு. பார்த்த ஆளுகிட்டயெல்லாம் சொன்னேன். செங்கோட்டுவேலு போடறது போலிச் சாமான்னு. மலை ஜீப்புக்காரங்க அவன் பட்டறைக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. ஒரு நாள் அந்த வழியா பஸ்ஸுல போறப்போ பார்த்தேன், பட்டறையில ஒரு வண்டி இல்ல, அவன் மட்டும் தனியா உக்காந்து பழைய நட்டைத் துடைச்சுக்கிட்டு இருந்தான். நல்லா வேணும்னு நெனச்சேன். நெனச்சேனா இல்லையா? நெனச்சேன். ஆனா அன்னிக்குச் சோறு இறங்கல, அது வேற, வெயிலு.

அந்தப் புது ஷூவைச் சும்மா மாட்டிறாதீங்க. ஷூ போய் உரசுமே, பின்தட்டுல ஆறு இடம், அங்க மட்டும் துளி கிரீஸ் வைங்க. அதிகம் வச்சா லைனிங்ல பட்டு வழுக்கும். கையைத் துடைச்சுட்டு லைனிங்கைத் தொடுங்க. பெரிய லைனிங் எது, சின்ன லைனிங் எதுன்னு பார்த்து மாட்டுங்க, முன்னபின்ன மாறிறப் போகுது. எப்படித் தெரியும்னா? இத்தனை வருசமாப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன் அவனை. அவன் ஸ்பிரிங் மாட்டற அழகைப் பார்க்கணும் நீங்க. ஒரே இழுப்பு, கிளிக்குனு உக்காரும். நீங்க மூணு தடவையா இழுக்கறீங்க.

இப்ப கல்யாணத்துக்கு வாங்க. கிருத்திகாவுக்கு ஒரே மாமன் இவன். எங்கள்ல தாய்மாமன் வந்து நெத்தியில பட்டம் கட்டினாத்தான் பொண்ணு மணையில உக்காரணும். மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு தடவை கேட்டுட்டாங்க, தாய்மாமன் எங்க, கண்ணுலயே காணோமேன்னு. இவ என்னடான்னா, "எங்க மாமா வராம நான் மணையில உக்கார மாட்டேன். நீயே உக்காந்து தாலி கட்டிக்கோ"ங்கறா. பெத்தவகிட்டப் பேசற பேச்சா இது? எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னா, "விரட்டினது நீ, கூப்பிட வேண்டியதும் நீ"ன்னுட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. ஒடிஞ்ச தோள்ல. எலும்பு கூடினாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கித்தான் இருக்குது.

அவன் சொல்லி அனுப்பினான். "அக்கா ஸ்டாண்டுல வந்து நின்னு, 'நான்தான் திருகினேன், அவன் போட்டது நல்ல ஷூதான்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மூணு நாளு முன்னாடியே வந்து பந்தக்கால் நடறேன்"னு. பார்த்தீங்களா திமிரை? வளர்த்தவ போய் அத்தனை டிரைவருங்க முன்னாடி நிக்கணுமாம்! அவன் வந்து என் கையைப் பிடிச்சு, சிரிச்சது தப்புக்கான்னு சொல்லட்டும், அப்பப் பார்க்கலாம்னேன். ரெண்டு பேரும் பிடிச்ச பிடியில இருக்கோம். நடுவுல ஒன்பது நாளு ஓடுது.

ஐப்பசியில சேந்தமங்கலத்துக்காரனும் இதையேதான் கேட்டான். யாரு திருகினதுன்னு. நீ செங்கோட்டுவேலு கூட்டாளிதானேன்னு கேட்டுட்டு வந்துட்டேன். ஆமா, அதுக்கப்புறமும் திருகினேன். வேறென்ன செய்வேன்? எங்க வீட்டுக்காரரு ஸ்குரூடிரைவரையெல்லாம் ஒளிச்சு வச்சுட்டாரு. நான் தோசைத் திருப்பியோட காம்பை வச்சுத் தள்ளினேன். ஒரு தடவை வண்டிய மண்மேட்டுல செருகிட்டு வந்த மனுசனை, பிரேக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காம எப்படித் தம்பி மலைக்கு அனுப்புவேன்?

முடிஞ்சுதா? இறுக்கியாச்சா? எங்க, சுத்துங்க பார்ப்போம்.

ஐயோ, இதென்ன இப்படிச் சுத்துது! நின்னாத்தானே? லேசா 'சர்'னு உரசற சத்தம் மட்டும் வருது. இதை நம்பியா அவரு இறங்குவாரு? இன்னும் ரெண்டு பல்லு தள்ளுங்க. தள்ளுங்கன்னா. ஏன் மாட்டீங்க? நான் ஏறி மிதிக்கணுமா? நானா? எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்ட வேண்டாமா, மிதிச்சாப் போதுமா? சரி, நகருங்க. இதுதானே, நடுவுல இருக்கறது? சுத்துங்க. மிதிக்கறேன்.

நின்னுருச்சு.

விட்டுட்டேன். சுத்துங்க. மறுபடி மிதிக்கறேன்... ஆமா, நின்னுருச்சு. டக்குனு நின்னுருச்சு. நான் மெதுவாத்தான் மிதிச்சேன்.

இப்ப என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க. "மிதிச்சாப் பிடிக்கணும், விட்டா விட்டுறணும், விடாத பிரேக் சூடேறிச் சூடேறி, வேணுங்கற நேரத்துல பிடிக்காமப் போயிரும்."

யாரு சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு இதை? அவன் போன் பண்ணினானா? அவனை உங்களுக்குத் தெரியவே தெரியாதா? சத்தியமா? அப்புறம் எப்படி அட்சரம் பிசகாம அதே வார்த்தை? அன்னிக்குத் தரையில உக்காந்துக்கிட்டு இதைத்தான் சொன்னான். நான் கத்தின கத்துல எனக்கே சரியாக் காதுல விழல. பால் பொங்கின அன்னிக்கும் இதைத்தான் சொல்ல வந்திருப்பான் போல.

அப்ப, அந்த வளைவுல... நான் ரெண்டு ரெண்டு பல்லா...

ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தண்ணி குடுங்க. நான் வண்டியிலேயே உக்காந்திருக்கேன், இறங்கலை. புழுதி கண்ணுல பட்டுருச்சு. நீங்க ஊதினதுதான். ஊதாதீங்கன்னு அப்பவே சொன்னேன்.

மூணு பேரு. மூணு ஊருல மூணு மெக்கானிக்கு. ஒருத்தனாவது, நீ செஞ்சது சரி பாவாயின்னு சொல்றானா பாருங்க. எனக்குக் கோவம் கோவமா வருது தம்பி. அந்த மடையனுக்கு, அக்கா, பாலு பொங்கினாப் பொங்குது, நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டுப் போன்னு ஒரு அதட்டு அதட்டத் தெரியலையே! அதட்டியிருந்தா நான் நிக்க மாட்டேனா?

அதோ வந்துட்டாரு. ஏங்க, இவ்வளவு நேரமாவா ஒரு டீயைக் குடிப்பீங்க? வேலை முடிஞ்சுது. ஏறுங்க. வீட்டுக்கு இல்ல. வண்டியை நேரா அவன் பட்டறைக்கு விடுங்க. என்னை ஏன் அப்படிப் பார்க்கறீங்க? சக்கரம் காத்தாடி மாதிரி சுத்துது, இந்தத் தம்பி சரின்னு சொல்றாரு. இவரு சொல்லி நான் நம்பிக்கிட்டு உங்களை அனுப்பிட்டு வீட்டுல உக்காந்திருக்க முடியுமா? அவன் ஒரு தடவை கையால சுத்திப் பார்த்து, சரிக்கான்னு சொல்லட்டும். அப்பத்தான் நான் நம்புவேன். ஸ்டாண்டுல எல்லாரும் இருப்பாங்கன்னா இருக்கட்டும். மாசிலாமணியும் இருக்கட்டும். யாரு திருகினதுன்னு அவன் கேட்டா, ஆமாடா, நான்தான்டா, உன் ஷூ நல்ல ஷூதான்டா, இப்ப என்னங்கற, நீ ஏன்டா சிரிச்சன்னு நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் வருவேன். நல்லாக் கேட்பேன். இன்னிக்கு இருக்குது அவனுக்கு.

வர்றேன் தம்பி. ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் பழகிக்குங்க.

ஏங்க, போற வழியில கடையில நிறுத்துங்க. ஒரு தாம்பாளம், வெத்தலை பாக்கு, தேங்காய், ரெண்டு சீப்பு பழம் வாங்கணும். எதுக்கா? கூடப் பொறந்தவன் இடத்துக்கு வெறுங்கையோடயா சண்டை போடப் போவாங்க?